மாமன் இல்லாத மாப்பிள்ளை

அய்யாவுவுக்கு நாற்பதாவது வயதில் யோகம் அடித்தது. அதுவரைக்கும் அவனைத் தேடி வந்தவை போலீஸ் சம்மனும் லோரி டயர் பஞ்சரும்தான். ஜொகூரில் சாஆ என்கிற சின்ன ஊரைச் சுற்றியுள்ள தோட்டங்களில் செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டுபோய் எண்ணெய் மில்லில் கொட்டுவது அவன் வேலை. கல்யாணம் ஆகவில்லை. ஏன்டா என்று யாராவது கேட்டால், "நம்ம லோரில முன்சீட்டு ஒடஞ்சு கெடக்கு, பொண்ண எங்க உக்கார வைக்கிறது?" என்பான். கேட்டவர்கள் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். அவனும் சிரிப்பான்.

அவனுடைய அப்பா, முதலாளிகள் தோட்டத்தைத் துண்டு போட்டு விற்ற காலத்தில் தொழிலாளிக்கு நஷ்டஈடாகக் கைக்கு வந்த பணத்தை வைத்து, சிம்பாங் ரெங்கம் பக்கத்தில் ஏழு ஏக்கர் சதுப்பு நிலம் வாங்கிப் போட்டார். ஊரே சிரித்தது. தவளை வளர்க்கப் போறீங்களா என்று முகத்துக்கு நேராகவே கேட்டார்கள். பாவம் மனிதர், அந்தக் கேலியைக் கேட்டுக்கொண்டே போய்ச் சேர்ந்தார். கோவிட் முடிந்து ஆளாளுக்கு மூச்சுவிட ஆரம்பித்த வருடத்தில், அந்தச் சதுப்பின் வழியாகத்தான் எங்களுக்குப் பாதை வேண்டும் என்று டேட்டா சென்டர் கட்டுகிற கம்பெனிக்காரர்கள் வந்து நின்றார்கள். கோட்டு போட்ட வக்கீல், அய்யாவுவின் லோரிப் படியில் பேப்பரை வைத்துக் கையெழுத்து வாங்கினார். அத்தோடு அவன் லோரியை விட்டு இறங்கினான்.

இங்கே லெட்சுமணனைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அய்யாவுவின் அம்மாவுடைய தம்பி, தாய்மாமன். அம்மா இறந்தபோது அய்யாவுவுக்குப் பதினொரு வயது. அப்பாவுக்கு மில்லில் இரவு வேலை. சடங்கு முடிந்த அன்றைக்கே லெட்சுமணன் பையனைத் தோளில் தூக்கிக்கொண்டு தன் வீட்டுக்கு நடந்துவிட்டார். தனக்கு ஏற்கெனவே மூன்று பெண் பிள்ளைகள், வீட்டில் இரண்டே அறை என்பதெல்லாம் அந்த மனிதருக்கு ஒரு கணக்காகவே தெரியவில்லை. அத்தையும் முகம் கோணவில்லை. மீன் குழம்பில் தலைத்துண்டு எப்போதும் அய்யாவுவுக்குத்தான்.

அறுபத்து நாலு வயதாகியும் லெட்சுமணன் தோட்டத்தில் செம்பனைப் பழம் வெட்டப் போகிறவர். முன்பல் இரண்டு கிடையாது. ஆள் வருவதற்கு அரைக் கல் முன்னாலேயே குரல் வந்துவிடும். சாயங்காலம் கொஞ்சம் தண்ணி போடுவார், போட்டால் பாட்டு. யாரையும் கலாய்க்காமல் விடமாட்டார், கோயில் குருக்கள் உட்பட. அய்யாவுவுக்கு நிலம் விற்றுப் பணம் வந்தது என்று கேள்விப்பட்டதும் கோவிலுக்குப் போய்ச் சூறைத்தேங்காய் உடைத்தார். தனக்கென்று வாய்திறந்து ஒரு துண்டுகூடக் கேட்கவில்லை.

அய்யாவு ஜொகூர் பாருவில் வீடு வாங்கினான். வாசலில் காவல், தடுப்புக் கட்டை, உள்ளே நீச்சல் குளம் என்று ஒரு தாமான், பணக்காரர்கள் குடியிருப்பு. முதல் ஒரு மாதம், தடுப்புக் கட்டையில் நின்ற காவலாளி தினமும் அவனிடம் அடையாள அட்டையைக் கேட்டார். "குத்தகை வேலைக்கு வர்றவங்க பின்பக்கம் போகணும்" என்று மலாயில் சொன்னார். ஒருநாள் அய்யாவு பின்பக்கமாகவே போய்த் தன் வீட்டுக்குள் நுழைந்தான். சண்டை போடத் தோன்றவில்லை. அவருக்கு ஏன் சிரமம் என்றுதான் நினைத்தான்.

வீடு குடிபுகுந்த அன்றைக்கு லெட்சுமணன் சாஆவிலிருந்து ஒரு பஸ் நிறைய ஆள் கூட்டி வந்துவிட்டார். தோட்டத்தில் அப்படித்தான் வழக்கம். ஒரு வீட்டுக்குச் சொன்னால் ஒரு வரிசைக்கே சொன்ன மாதிரி. பிள்ளைகள் சட்டையோடு நீச்சல் குளத்தில் குதித்தன. பெண்கள் புல்வெளியில் பாய் விரித்து வெற்றிலை போட்டார்கள். லெட்சுமணன் வீட்டுக்குப் பின்னால் நாலு பேரோடு போத்தலைத் திறந்துவிட்டு, மூன்றாவது தெரு வரைக்கும் கேட்கிற மாதிரி பாடினார். பக்கத்து வீட்டுக்காரர் போன் செய்து, காவலாளி வந்து, குடியிருப்போர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. கடிதத்தில் 'இனிமேல்' என்ற சொல் நாலு இடத்தில் இருந்தது. அய்யாவு அதை மடித்து அலமாரியில் வைத்தான். அன்றைக்குத்தான் முதன்முதலாக மாமாவை நினைத்து அவனுக்குக் கூச்சம் வந்தது. வந்ததே, அதோடு போயிருக்கலாம். போகவில்லை.

கண்ணாடிக் கடைக் கதை இதற்குப் பிறகு. வங்கிக் கடிதங்களில் எழுத்து பொடிப்பொடியாக இருக்கிறதே என்று கண் பரிசோதிக்கப் போனான். கடையை நடத்தியவள் சுகந்தினி. முப்பத்தேழு வயது, யாழ்ப்பாணத்து வழியில் வந்த குடும்பம். சுவரில் இருந்த எழுத்தைப் படிக்கச் சொன்னாள். அய்யாவு படித்தான். கீழே இன்னும் சின்ன எழுத்து. அதையும் படித்தான். ஆகக் கடைசி வரிக்கு வந்ததும் திணறினான்.

"இது தெரியலையா?"

"தெரியுதுங்க. வாய் வரமாட்டேங்குது."

"ஏன்?"

"நீங்க பக்கத்துல நிக்கிறீங்க."

அவள் சிரித்த சிரிப்பில் உள்ளே இருந்த உதவிப் பெண் எட்டிப் பார்த்தாள். அந்த மாதத்தில் அய்யாவு ஐந்து கண்ணாடி வாங்கினான். ஆறாவது கண்ணாடிக்கு வந்தபோது சுகந்தினி கவுண்டரில் கையை ஊன்றிக்கொண்டு, "மிஸ்டர் அய்யாவு, உங்களுக்கு இருக்கிறது ரெண்டு கண்ணுதான். ஒழுங்கா சாப்பிடக் கூப்பிடுங்க, இந்தக் கண்ணாடி வியாபாரம் எனக்கே வெக்கமா இருக்கு லா" என்றாள்.

அலமாக், ஆளுக்குத் தலைகால் புரியவில்லை! கடலோரத்தில் இருந்த பெரிய ஹோட்டலுக்குக் கூட்டிப் போனான். மீனுக்கு ஒரு கத்தி, ரொட்டிக்கு ஒரு கத்தி என்று வரிசையாக வைத்திருந்தார்கள். அய்யாவு எல்லாக் கத்தியையும் பொறுக்கித் தட்டில் அடுக்கி, பரிமாறுகிறவரிடம் திருப்பிக் கொடுத்தான். கழுவ எடுத்துக்கொண்டு போவார் என்ற நினைப்பு. சுகந்தினி சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, தானும் கையாலேயே மீனைப் பிய்த்துச் சாப்பிட்டாள். அவளுக்கு ஏற்கெனவே மூன்று வரன் வந்து, மூன்றையும் அவளுடைய அப்பா தட்டிவிட்டிருந்தார். இவன் பணத்தை அவள் பார்க்கவில்லை என்று சொல்லமாட்டேன்; அது இல்லாவிட்டால் அப்பா இவனை வாசல்படி ஏற்றமாட்டார் என்பது அவளுக்குத் தெரியும். ஆனால் அவள் சிரித்தது அவனைப் பார்த்துத்தான். அது நிஜம்.

அவளுடைய அப்பா கனகசபை, அரசாங்கக் கணக்குத் துறையில் உயர்ந்த உத்தியோகம் பார்த்து ஓய்வு பெற்றவர். எழுபத்தாறு வயது, இஸ்திரி போட்ட வேட்டி, பேச்சில் ஒரு சொல் பிசகாது. வீட்டுக்கு முதல் தடவை போனபோது அய்யாவு புதுச் சட்டையின் விலைச் சீட்டைக் கிழிக்க மறந்துவிட்டான். சுகந்தினியின் அம்மா திலகம்தான் நைசாக வந்து கத்தரிக்கோலால் நறுக்கினாள். நல்ல மனுஷி.

"தம்பிக்கு எந்த ஊர்?" என்றார் கனகசபை.

"சாஆங்க."

"அது இருக்கிற இடம். பூர்வீகம்?"

"பூர்வீகமும் சாஆதாங்க. தோட்டத்து லயத்துல நாலாம் நம்பர் வீடு."

கனகசபை மகளைப் பார்த்தார். மகள் கூரையைப் பார்த்தாள். ஆனாலும் நாலைந்து மாதத்தில் மனிதர் இளகினார். பையன் குடிக்கமாட்டான், பெரியவர்களுக்கு எழுந்து நிற்கிறான், கோயில் திருப்பணிக்குக் கேட்காமலே கொடுக்கிறான். சொதியும் இடியாப்பமும் இரண்டாம் தடவை கேட்டுச் சாப்பிடுகிறான். சரி, பேசி முடிக்கலாம் என்று ஒரு சாயங்காலம் உட்கார்ந்தார்கள்.

"உமக்குத் தாய் தகப்பன் இல்லை. அப்ப தாய்மாமன்தான் முன்னுக்கு நிக்க வேணும். தட்டு வாங்கிறதும் அவர், உமக்குத் தலைப்பாகை கட்டிறதும் அவர். ஆர் உம்மட மாமா? என்ன செய்யிறார்?" என்று கனகசபை கேட்டார்.

அய்யாவுவின் கண்முன் அந்தச் சங்கத்துக் கடிதம் வந்தது. இந்தப் பளிங்குத் தரையில் மாமா சரோங்கைத் தூக்கிக் கட்டிக்கொண்டு உட்கார்ந்து, கனகசபையின் தோளைத் தட்டி, "என்னா தலைவரே" என்று கூப்பிடுவது அப்படியே தெரிந்தது. இந்த மனிதர் எழுந்து உள்ளே போய்விடுவார். நாலாவது வரனும் போச்சு. சுகந்தினி போய்விடுவாள்.

"மாமா இல்லைங்க."

"இல்லை எண்டால்?"

"தவறிட்டாருங்க."

வாயிலிருந்து விழுந்துவிட்டது. அள்ளவா முடியும்? பெயர் கேட்டார்கள், லெட்சுமணன் என்றான். எப்போது என்று கேட்டார்கள். பத்து வருடம் முன்னால் என்று சொல்லித் தப்பித்திருப்பான்; ஆனால் எதிரில் சுகந்தினி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு மாதத்துக்கு முன்பு அவள் கடையில் இருந்தபோது போன் வந்து, "மாமா, அப்புறம் பேசறேன்" என்று இவன் சொன்னதை அவள் கேட்டிருக்கிறாள். ஆகவே, "போன மாசங்க, திடீர்னு" என்றான்.

சுகந்தினியின் கண் கலங்கிவிட்டது. "ஏன் எங்கிட்டச் சொல்லல?" என்று, அப்பா அம்மா இருக்கிறார்களே என்றும் பார்க்காமல் அவன் கையைப் பிடித்தாள். அவள் அவனைத் தொட்டது அதுதான் முதல் தடவை. அந்தக் கை சூடாக இருந்தது. அய்யாவு அப்போதே உண்மையைச் சொல்லியிருக்கலாம். கை விலகிவிடும் என்று சொல்லவில்லை.

எல்லாம் முடிந்தது என்று நினைத்தான், மடையன். ஆள் செத்தால் அத்தோடு முடியுமா நம்மவர்களிடம்? துக்கம் விசாரிக்காமல் நல்ல காரியம் பேசுவது கனகசபை வீட்டில் நடக்காத விஷயம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரை மணிக்கு, அவருடைய பழைய வெள்ளைக் கார் அய்யாவுவின் வாசலில் நின்றது. உள்ளே மூன்று பேரும் வெள்ளை உடுப்பில்.

"ஏறும் தம்பி. சாஆவுக்குப் போய் வீட்டாக்களைப் பாத்துத் துக்கம் கேட்டிட்டு வருவம். சொல்லிப்போட்டு வந்தால் அவைக்குச் சிரமம் எண்டுதான் சொல்லேல்ல."

அய்யாவுவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. இன்னொரு நாள் போகலாம் என்றான். ஞாயிறு நல்லது என்றார். அங்கே யாரும் இருக்கமாட்டார்கள் என்றான். இருக்கிறவர்களைப் பார்க்கலாம் என்றார். நெடுஞ்சாலையில் மாச்சாப் ஓய்விடத்தில் வண்டி நின்றபோது கழிப்பறைக்குள் ஓடிப்போய் மாமாவுக்குப் போன் போட்டான். அடித்துக்கொண்டே இருந்தது. லெட்சுமணன் போனை மோட்டார் சைக்கிள் கூடையில் போட்டுவிட்டு மறந்துவிடுகிறவர். அத்தைக்குப் போட்டான், அணைத்து வைத்திருந்தது. வெளியே வந்தபோது திலகம் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "பாவம், மாமாவின்ட ஊர் நெருங்க நெருங்கத் தாங்கமாட்டுது போல" என்று மகளிடம் சொன்னாள்.

வழி கேட்டபோது வேறு வீட்டைக் காட்டத் தோன்றாமல் அய்யாவு மாமாவின் வீட்டுக்கே வழி சொன்னான். சாஆவில் அது மலிவு வீட்டு வரிசையில் கடைசி. லெட்சுமணன் போர்ட்டிக்கோவில் குந்தி உட்கார்ந்து மீன் செதிள் சுரண்டிக்கொண்டிருந்தார். சரோங், வெற்று மேல். காரைப் பார்த்ததும் எழுந்து, "அடேய், பணக்காரப் பயலே! வழி தெரிஞ்சுதா?" என்று கத்தினார். சத்தம் கேட்டு அத்தையும் வெளியே வந்தாள். நெற்றியில் பெரிய பொட்டு, கழுத்தில் தாலிச் சரடு.

திலகம் நேராகப் போய் அத்தையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். கனகசபை செருப்பைக் கழற்றிவிட்டுக் கைகூப்பினார்.

"இவர் அய்யாவுவின்ட தாய்மாமன் மோசம் போன விசயம் எங்களுக்கு இப்பத்தான் தெரியும். பெண் வீட்டுக்காரர் நாங்கள். துக்கம் கேட்டுப் போக வந்தனாங்கள்."

லெட்சுமணன் கையில் கத்தி, கத்தியில் செதிள். அவர் கனகசபையைப் பார்த்தார், வெள்ளைப் புடவைகளைப் பார்த்தார், பிறகு அய்யாவுவைப் பார்த்தார். அய்யாவு தலையைக் குனிந்துகொண்டான். இப்போது ஒரு கத்துக் கத்தப் போகிறார், தெருவே திரளப் போகிறது என்று காத்திருந்தான். சொன்னால் நம்புவீர்களோ மாட்டீர்களோ, அவர் கத்தவேண்டும் என்றுகூட அந்த நேரத்தில் அவனுக்கு ஒரு ஆசை இருந்தது.

லெட்சுமணன் கத்தியைக் கீழே வைத்தார். கையைச் சரோங்கில் துடைத்துக்கொண்டார். உள்ளே போய்ச் சட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

"உக்காருங்கய்யா. நான் இந்த வீட்டுக்காரன். அது என் சம்சாரம். அவருக்குக் குடும்பம்னு ஒண்ணும் இல்லீங்க, கட்டிக்கல. எங்ககூடத்தான் இருந்தாரு" என்றார்.

அத்தைக்கு அப்போதுதான் விளங்கியது. தாலிச் சரட்டைக் கையால் பொத்திப் பிடித்துக்கொண்டு சமையலறைக்குள் போனாள். அதற்குப் பிறகு அவள் வெளியே வரவில்லை.

"என்ன வருத்தம் வந்தது?" என்று கனகசபை விசாரித்தார்.

"வியாதி ஒண்ணும் இல்லீங்க. முந்தின நாள் வரைக்கும் நல்லாத்தான் இருந்தாரு. திடீர்னு போயிட்டாரு. அவருக்கே தெரியலைன்னா பாத்துக்குங்களேன்."

"நல்ல மனிசன் எண்டு தம்பி சொன்னவர்."

"அப்படியா சொன்னான்?" லெட்சுமணன் விரலில் ஒட்டியிருந்த செதிளை எடுத்துப் போட்டார். "நல்ல மனுசன்தாங்க. வாய்தான் ஜாஸ்தி. தண்ணி போட்டா பாட்டு வேற. பெரிய மனுசங்க இருக்கிற எடத்துல எப்படி நடந்துக்கணும்னு தெரியாது. ஆனா அக்கா பையன்னா அந்தாளுக்கு உசுரு. இவனுக்குக் கல்யாணம் ஆகணும்னு மலைக்கோயிலுக்கு மொட்டை வேண்டியிருந்தாரு. பாவி, முடி எறக்கறதுக்குள்ள போயிட்டான்."

திலகம் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். அய்யாவு தரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். எழுந்து, இவர்தாங்க என் மாமா, நான்தாங்க பாவி என்று சொல்ல நாக்கு துடித்தது. சுகந்தினி பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். நாக்கு அடங்கிவிட்டது.

சுகந்தினி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கே ஒரு படம் மாட்டியிருந்தது. தைப்பூசக் கூட்டத்தில் முன்பல் இல்லாத ஒரு ஆள், பன்னிரண்டு வயதுப் பையனைத் தோளில் தூக்கி வைத்துக்கொண்டு சிரிக்கிறார். பையனுக்கு அய்யாவுவின் காது. அவள் படத்தைப் பார்த்தாள், லெட்சுமணனைப் பார்த்தாள், பிறகு கைப்பையைத் திறந்து எதையோ தேட ஆரம்பித்தாள்.

சாவு வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லக்கூடாது. கனகசபை குடும்பம் முறைப்படி ஒன்றும் சொல்லாமல் எழுந்து காருக்கு நடந்தது. அய்யாவு கடைசியாக எழுந்தான். லெட்சுமணன் அவன் காதுப்பக்கம் குனிந்து, "பொண்ணு நல்லா இருக்குடா. விட்டுடாத" என்றார். குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவன் பிழைத்திருப்பான்.

மறுநாள் கடை திறக்கும்போதே அய்யாவு போய் நின்றுவிட்டான். இரவெல்லாம் தூக்கமில்லை. வைவாள், வைதால் காலில் விழலாம், கனகசபையிடம் போய் உண்மையைச் சொல்லலாம் என்று தீர்மானமாக வந்திருந்தான்.

"சுகந்தி, ஒண்ணு சொல்லணும். நேத்து பாத்தோமே—"

"தெரியும். படத்தைப் பாத்தேன்." அவள் ஒரு கண்ணாடிச் சட்டத்தின் திருகாணியை முறுக்கிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்தபோது முகத்தில் சிரிப்பு இருந்தது. "உங்க மாமா சரியான ஆளு லா! அப்பா வீட்டுக்கு வந்தும் அந்தச் செத்துப்போன நல்ல மனுசனைப் பத்தியேதான் பேசிட்டு இருக்காரு."

"நான் அங்கிள்கிட்ட உண்மையச் சொல்லிடறேன்."

"பைத்தியமா உங்களுக்கு?" சிரிப்பு நின்றது. "எனக்கு முப்பத்தேழு. அப்பாவை இவ்வளவு தூரம் கொண்டுவர நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இன்னொரு தடவை என்னால முடியாது. உங்க மாமாவே ஒத்துக்கிட்டாரு, இல்லையா? அப்படியே இருக்கட்டும். யோசிச்சுப் பாத்தா நமக்கும் லேசுதான். நான் அவரைக் குறை சொல்லல. பாவம். ஆனா அவரை இங்க எப்படி வச்சுச் சமாளிக்கிறது, சொல்லுங்க?"

லேசு. அவள் கெட்டவள் இல்லை, களைத்துப்போனவள். அது அய்யாவுவுக்குப் புரிந்தது. அவள் திட்டுவாள் என்று நம்பித்தான் அவளை அவ்வளவு நேசித்திருக்கிறான் என்பதும் அப்போதுதான் புரிந்தது. திட்டியிருந்தால் திரும்பிப் போக ஒரு வழி கிடைத்திருக்கும். அவன் என்ன செய்தான் என்கிறீர்கள்? "சரி" என்றான். அவளோடு சேர்ந்து கொஞ்சம் சிரிக்கவும் செய்தான்.

கல்யாணப் பத்திரிகையைக் கனகசபையே எழுதினார். செத்துப்போன அந்த நல்ல மனுசனுக்கு மரியாதை செய்ய வேண்டும் என்று அவருக்கு மனசு. மாப்பிள்ளை பெயருக்கு மேல், 'அமரர் லெட்சுமணன் அவர்களின் அன்பு மருகன்' என்று ஒரு வரி சேர்த்து, அச்சுக்குப் போகும் முன் பிழை பார்க்கச் சொல்லி அய்யாவுவிடம் கொடுத்தார். கையில் சிவப்புப் பேனா. சாஆ என்ற ஊர்ப்பெயரில் ஒரு எழுத்து விட்டுப்போயிருந்தது, அதைத் திருத்தினான். 'அமரர்' என்ற சொல்லின்மேல் பேனாவைக் கொண்டுபோனான். அதை அடித்தால் ஏன் அடித்தாய் என்று கேட்பார்கள். பேனாவை மூடி, சரி பார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தான். முந்நூறு பத்திரிகை அச்சானது.

சாஆவுக்கு அவன் ஒன்றுகூட அனுப்பவில்லை. ஆனால் பழைய லோரிக் கூட்டாளி ஹேமநாதனுக்கு மட்டும் மனசு கேட்காமல் போனில் படம் எடுத்து அனுப்பினான். நீ மட்டும் வாடா, யாரிடமும் காட்டாதே என்றான். ஹேமநாதன் யாரிடமும் காட்டாமல் இருந்தால் அவன் ஹேமநாதனே இல்லை. மூன்றாம் நாள் லெட்சுமணனிடமிருந்து போன் வந்தது.

"அச்சுலயே வந்துருச்சாமே? ஹேமநாதன் காப்பிக் கடையில படிச்சுக் காட்டினான். பேர்ல பிழை இல்லாமப் போட்டிருக்காங்கடா, நல்ல அச்சகம்."

"மாமா—"

"அத்தை ரெண்டு நாளா சாப்பிடல. அதைச் சொல்லத்தான் எடுத்தேன். அது சரியாயிடும். நீ மனசுல வச்சுக்காத."

"நான் வரேன் மாமா. அத்தை கால்ல விழறேன். எல்லாத்தையும் நிறுத்திடறேன்."

"வராத." அந்தக் குரலை அய்யாவு அதற்கு முன் கேட்டதில்லை, மெதுவான குரல். "நிறுத்திட்டா நான் எதுக்குடா செத்தேன்? ஒழுங்கா கட்டிக்கிட்டுப் பொழைச்சுக்க. இனிமே போன் பண்ணாத. செத்தவன் எடுத்து ஹலோன்னு சொன்னா நல்லாவா இருக்கும்?"

தன் நகைச்சுவைக்குத் தானே ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு வைத்துவிட்டார். அய்யாவு திரும்ப எடுத்தான். அடித்துக்கொண்டே இருந்தது. அடுத்த வாரம் எடுத்தான்; அந்த எண் இப்போது யாருக்கும் இல்லை என்று ஒரு பெண் மலாயில் சொன்னாள்.

சாஆவுக்குக் காரை எடுத்துக்கொண்டு போயிருக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். இரண்டு மணி நேரம்கூட ஆகாது. அவனும் அப்படித்தான் தினமும் நினைத்தான். துணி எடுக்க வேண்டியிருந்தது, மண்டபம் பார்க்க வேண்டியிருந்தது, கனகசபையின் சொந்தக்காரர்கள் வந்தார்கள், விருந்து என்றார்கள். கல்யாணம் முடியட்டும், முடிந்ததும் நேராகப் போய் நிற்கலாம் என்று சொல்லிக்கொண்டான். அதைச் சொல்லிக்கொள்ளும்போதே அது நடக்காது என்று அவனுக்குத் தெரியும்.

கல்யாணம் ஜொகூர் பாருவில், கோயிலை ஒட்டிய மண்டபத்தில் நடந்தது. ஹேமநாதன் வரவில்லை. தாய்மாமன் இல்லாத குறைக்கு, கனகசபையின் நண்பர் டாக்டர் சிறீகாந்தன் முன்னுக்கு நின்றார். வெள்ளி முடி, நல்ல உயரம், படத்துக்குப் பொருத்தமான ஆள். தலைப்பாகை கடையில் தைத்து வந்தது. கட்ட வேண்டியதில்லை, எடுத்துத் தலையில் கவிழ்த்தால் போதும். அவர் கவிழ்த்துவிட்டு, "சரியா இருக்கா, இறுக்குதா?" என்று இங்கிலீஷில் கேட்டார்.

அய்யாவு சரியாக இருக்கிறது என்று சொல்ல வாயைத் திறந்தான். அழுகை வந்துவிட்டது. சும்மா கண் கலங்குவது இல்லை. தோள் குலுங்க, மூக்கு ஒழுக, பதினொரு வயதுப் பையன் அழுகிற மாதிரி அழுதான். நாயனக்காரர்கூட ஒரு கணம் நிறுத்திப் பார்த்தார். சுகந்தினி மணவறையிலிருந்து அவனைப் பார்த்தாள்; பிறகு மருதாணிக் கையை விரித்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

திலகம் ஓடிவந்து அவன் முகத்தைத் தன் முந்தானையால் துடைத்தாள். அவளும் அழுதுகொண்டிருந்தாள்.

"அழாதேங்கோ தம்பி. மாமா மேல இருந்து பாத்துக்கொண்டுதான் இருப்பார்."

"ஆமாங்க ஆண்டி," என்றான் அய்யாவு.

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்கள் ஒருவருக்கொருவர் சாய்ந்து, இந்தக் காலத்தில் செத்துப்போன மாமனுக்காக இப்படி உருகுகிற பிள்ளையை எங்கே பார்க்க முடியும், சுகந்தினி கொடுத்துவைத்தவள் என்று பேசிக்கொண்டார்கள்.